பின்னு போட மறந்தவர்

வண்டி பழுதாகி வந்தால் மேஸ்திரி முதலில் வண்டியைப் பார்க்க மாட்டார். டிரைவரைக் கீழே இறங்கச் சொல்லி, "செருப்பக் கழட்டு" என்பார். இடது கால் செருப்பைக் கையில் வாங்கித் திருப்பி, அடிப்பக்கம் எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். லாரி டிரைவர்கள் கூச்சத்தில் நெளிவார்கள். சிலர் வெறுங்காலோடு வருவார்கள். அவர்களைக் காலைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் வண்டிக்கு அடியில் படுப்பார்.

செஞ்சியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மேஸ்திரி என்றால் அவர்தான். திருவண்ணாமலை ரோடு கோட்டை மதிலுக்குள் நுழைகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பனையோலைக் கொட்டகை, ஆள் இறங்கி நிற்கிற ஆழத்துக்கு ஒரு குழி, காக்கி அரை டிராயர், கிரீஸ் ஏறிப்போன பனியன். சிங்கவரம் பக்கத்தில் ஒரு சென்ட் நிலமில்லாத கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். யுத்த காலத்தில் பட்டாளத்துக்குப் போய், அங்கே ஜீப்பும் லாரியும் பிரித்து வேலை கற்றுக்கொண்டு திரும்பியவர்.

என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். ஆனாலும் நான் அவரை 'நீ' என்றுதான் பேசினேன். அவர் என்னைச் 'சின்ன மொதலாளி' என்பார். கடைத்தெருவில் மல்லாட்டை மண்டி வைத்து வேர்க்கடலை வியாபாரம் செய்கிறவர் மகன் அப்படித்தான் பேசுவான் என்று இரண்டு பேருமே எடுத்துக்கொண்டிருந்தோம். இப்போது எழுதும்போது கை தானாக 'அவர்' என்று எழுதுகிறது. அன்றைக்கு அந்த மரியாதையை நான் கொடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவரிடம் எல்லோரும் பயந்தது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். வண்டி எதனால் கெட்டது என்று கண்டுபிடித்துவிட்டால், அதை யார் எதிரில் இருந்தாலும் அப்படியே சொல்லிவிடுவார். குரலைத் தாழ்த்தத் தெரியாது. ஆளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லத் தெரியாது.

ஒரு பஸ் முதலாளி நாலு மாதத்தில் மூன்று கிளட்ச் தட்டு எரிந்துபோய்விட்டது என்று கோபத்தோடு வந்தார். சாமான் வாங்கின கடைக்காரனைத் திட்டிக்கொண்டே வந்தார். டிரைவர் பின்னால் கைகட்டி நின்றான். மேஸ்திரி அவன் செருப்பைத் திருப்பிப் பார்த்தார். இடது செருப்பின் நடுவில் குறுக்காக ஒரு பள்ளம்.

"கடைக்காரனத் திட்டாதீங்க. தட்டத் தின்னது இவன் காலு. மேட்டுல வண்டி நிக்கும்போது பிரேக்கப் புடிக்கிறதில்ல. கிளட்சப் பாதி மிதிச்சிக்கினு அப்படியே நிறுத்தறான்" என்றார்.

அன்றைக்கே அந்த டிரைவருக்கு வேலை போயிற்று. இரண்டு நாள் கழித்து அவன் பெண்டாட்டி கைக்குழந்தையோடு வந்து கொட்டகை முன்னால் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். மேஸ்திரி குழிக்குள்ளிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் அங்கே இருந்தேன். "ஏன்யா, கொஞ்சம் பூசி மெழுகிச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"கேட்டாங்க. சொன்னேன்" என்றார்.

தன் விஷயத்திலும் அப்படித்தான். அவலூர்பேட்டை லாரி ஒன்று அவர் வேலை பார்த்த மறுநாளே திரும்பி வந்தது. முதலாளி எதையும் கேட்பதற்கு முன்பே, "தட்டத் திருப்பிப் போட்டுட்டேன். என் தப்பு. சாயங்காலம் வாங்க" என்றார். அவர் ஒன்று சொன்னால் செஞ்சியில் அதற்கு மேல் சாட்சி தேவைப்படாது. பஞ்சாயத்தில்கூட, "மேஸ்திரி பாத்துட்டாரா?" என்று கேட்டு முடித்துவிடுவார்கள்.

நான் கார் வாங்கியது கல்யாணமான புதிதில். பாண்டிச்சேரியை விட்டுக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரரின் வண்டி. இரண்டே பேர் உட்காரலாம். கூரையை மடக்கிப் பின்னால் போட்டுவிடலாம். கரும்பச்சை நிறம். பந்தயத்துக்கென்று செய்த வண்டி என்று விற்றவர் சொன்னார். அது எந்தப் பந்தயத்தில் எந்தக் காலத்தில் ஓடியதோ, நான் வாங்கும்போது கடற்கரை ஓரத்துக் கொட்டகையில் இரண்டு மழைக்காலம் அசையாமல் நின்றிருந்தது. மண்டி லாரியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். கடைத்தெருவே கூடிவிட்டது. "மொட்டக் காரு" என்று பெயர் வைத்தார்கள். என் நைனா மண்டிக் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "மூட்ட ஏத்த முடியாத வண்டி நமக்கு எதுக்குடா?" என்று கேட்டு உள்ளே போய்விட்டார்.

கியர் விழவில்லை. இன்ஜினைக் கிளப்பிவிட்டுக் கியர் போட்டால் இரும்பை இரும்பால் அறுக்கிற சத்தம் வந்தது. பாண்டிச்சேரியில் பார்த்தவர்கள் எல்லாவற்றையும் கழற்றிப் புதுச் சாமான் வரவழைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மேஸ்திரி வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு என்னைப் பெடலை மிதித்து மிதித்து விடச் சொன்னார். கால் மணி நேரம் மிதித்தேன்.

"மிதிக்கிறது கீழ வரைக்கும் வந்து சேருது. அப்போ கம்பியில குத்தமில்ல. உள்ளாற தட்டு துருப்புடிச்சு ஒட்டிக்கினு இருக்குது. கழட்ட வேணாம்" என்றார்.

சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் ஒரு வேலங்கட்டையை வெட்டி முட்டுக் கொடுத்து, பெடல் அமுங்கியபடியே இரண்டு நாள் விட்டுவைத்தார். மூன்றாம் நாள் ஆட்களை விட்டுத் தள்ளச் சொல்லி, கியரிலேயே வண்டியைக் கிளப்பி, சிங்கவரம் ரோட்டில் கிளட்ச்சை மிதித்தபடியே ஓட்டினார். கொஞ்சம் வேகம், உடனே ஒரு பிரேக். கொஞ்சம் வேகம், ஒரு பிரேக். நான் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்தாவதோ ஆறாவதோ தடவை உள்ளே 'டங்' என்று ஒரு சத்தம். வண்டி லேசானது. அவர் ஒரு கையால் கியரை மாற்றிப் பார்த்தார். வெண்ணெயில் விரல் போவது மாதிரி விழுந்தது. மேஸ்திரி சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்து வேறொன்று வந்தது. மேட்டில் ஏறும்போது இன்ஜின் கத்தும், வண்டி நகராது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, டாப் கியரில் போட்டு, கிளட்ச்சை மெல்ல விடச் சொன்னார். "இன்ஜின் உடனே சாவணும். சாவல பாருங்க. அப்போ தட்டு வழுக்குது." அடியில் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்து வைத்தார். சாயங்காலம் அதில் கருப்பாக மூன்று எண்ணெய்ச் சொட்டு. இந்தத் தடவை கழற்றினார். எண்ணெய் கசிவதை அடைத்து, லாரித் தட்டின் லைனிங்கை அளவுக்கு வெட்டி ஆணியடித்து, ஐந்து நாளில் பூட்டினார். பூட்டுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு ஒரு சாமானைக் காட்டினார். கருப்பு வளையல் மாதிரி இருந்தது.

"இது கரி. மிதிக்கும்போது மட்டும் இது போயித் தட்டுமேல தொடணும். மத்த நேரம் சும்மா இருக்கணும். நீங்க கால பெடல் மேலயே வெச்சிக்கினு ஓட்டினா, இது தேஞ்சிக்கினே இருக்கும். பாதிக்கு மேல போயிடுச்சு. இதுக்கு மாத்து இந்த ஊர்ல கெடைக்காது."

தலையாட்டினேன். ஒரு மாதம் கழித்து என் ஷூவைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். "வெக்கிறீங்க" என்றார். அவ்வளவுதான்.

அதைச் சரோஜா பிடித்துக்கொண்டாள். சரோஜா என் மனைவி, திண்டிவனத்துப் பெண். அந்தக் காரை என்னைவிட அதிகமாக நேசித்தவள் அவள். தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காருவாள். பனமலை ஏரிக் கரைக்குப் போவோம். சங்கராபரணி ஆற்றுப் பாலத்தில் நிறுத்திவிட்டு வேர்க்கடலை தின்போம். போகிற வழியெல்லாம் அவள் கண் ரோட்டில் இருக்காது, என் இடது காலில் இருக்கும். கால் பெடலில் போய் உட்கார்ந்ததும் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டுவாள். "மேஸ்திரி சொன்னாரு இல்ல? எடுங்க கால." எடுப்பேன். இரண்டு நிமிடத்தில் மறுபடியும் போய்விடும்.

எங்கள் வீட்டில் மேஸ்திரியை 'நீங்க' என்று பேசியவள் அவள் மட்டும்தான். ஒருநாள் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க மேஸ்திரி, அந்த பஸ் டிரைவர் குடும்பம் இப்போ இன்னா பண்ணுதுங்க?"

அவர் மோரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "ரைஸ் மில்லுல சொல்லி வெச்சேம்மா. நான் சொன்ன வேல வேணாம்னுட்டான். பொண்டாட்டியத் தாய் வீட்டுக்கு அனுப்பிட்டானாம்."

"பொய் சொல்லியிருந்தா அவன் பொழச்சிருப்பான் இல்ல?"

"சொல்லியிருக்கலாம்மா" என்றார் மேஸ்திரி. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததைக் கேட்டு எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

சரோஜாவுக்கு நாள் நெருங்கியது. மாமியார் திண்டிவனத்திலிருந்து வந்து தங்கியிருந்தார். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த ஒரு சித்திரை மாதத்துக் காலை, சரோஜா அடுப்பங்கரையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புடவை நனைந்திருந்தது. தண்ணீர் இல்லை, ரத்தம். நர்ஸம்மா ஓடி வந்து பார்த்துவிட்டு, "இங்க வெச்சிக்கினு இருக்காதீங்க. விழுப்புரத்துக்குக் கொண்டுபோங்க, உடனே" என்றார்.

பஸ் போய் அரைமணி ஆகியிருந்தது. மண்டி லாரி திண்டிவனத்துக்குப் போயிருந்தது. என் கார் வாசலில் நின்றது. இரண்டே சீட்டு. மாமியார் ஏற முடியவில்லை. நர்ஸம்மா ஏற முடியவில்லை. நானும் அவளும் மட்டும் போனோம்.

அந்த ரோட்டில் எப்படி ஓட்டினேன் என்று எனக்குத் தெரியாது. அவள் தலை என் தோளில் இருந்தது. எதிரே மாட்டு வண்டி வந்தாலும், பள்ளம் வந்தாலும், எந்த நேரமும் நிறுத்த வேண்டிவருமோ என்ற பயத்தில் இடது காலைப் பெடலில் அழுத்தியே வைத்திருந்தேன். அன்றைக்கு அவள் என் முழங்காலைத் தட்டவில்லை. பாதி வழியில் கீழேயிருந்து கிரீச்சென்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. நான் வேகத்தைக் கூட்டினேன்.

பனமலைக்குப் பிரிகிற இடத்துக்குப் பக்கத்தில் ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே வந்தது. நிறுத்தினேன். மிதித்த கிளட்ச்சில் 'படக்' என்று ஏதோ உடைந்தது. அதன்பிறகு பெடல் காலுக்கடியில் செத்துக் கிடந்தது. இன்ஜின் ஓடியது, கியர் விழவில்லை. கத்தினேன், குத்தினேன், மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தேன். இரும்பு அறுபடும் சத்தம்தான் வந்தது. ஆடு மேய்த்தவர் தன் துண்டை விரித்துச் சரோஜாவுக்கு நிழல் பிடித்தார். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு பஸ் வந்தது. அதிலிருந்தவர்கள் அவளைத் தூக்கி ஏற்றினார்கள்.

குழந்தை பிழைத்தது. பெண். சரோஜா விளக்கு வைக்கிற நேரத்தில் போய்விட்டாள். "கொஞ்சம் முன்னால கொண்டாந்திருந்தா" என்று டாக்டரம்மா ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பத்தாம் நாள் காரியம் முடிந்தது. கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். மாடு கட்டி இழுத்து வரப்பட்ட கார் மண்டிக் கிடங்கில் நின்றது. மாமியார் அத்தனை நாளும் அழுகையினூடே என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்: "வண்டி ஏன் மாப்ள நின்னுச்சு? நீ எப்படி ஓட்டின?" சரோஜாவின் அண்ணன் என்னோடு பேசுவதையே விட்டுவிட்டான். நைனாவுக்கு இது தாங்கவில்லை. மேஸ்திரிக்கு ஆள் அனுப்பினார்.

"வண்டியப் போயிப் பாரு. ஏன் நின்னுதுன்னு இவங்க எல்லார் எதிர்லயும் வந்து சொல்லு" என்றார்.

மேஸ்திரி சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். நைனா அதற்காகத்தான் கூப்பிட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து மேஸ்திரி வந்து வாசற்படிக்கு வெளியே நின்றார். சட்டை முதுகில் கிடங்கு மண் ஒட்டியிருந்தது. நான் கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். மடியில் குழந்தை. பால் குடிக்கத் தெரியாமல் என் சட்டையைச் சப்பிக்கொண்டிருந்தது. மேஸ்திரி என்னைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார் என்று இப்போது தோன்றுகிறது.

"என் தப்பு" என்றார். "கிளட்சுக் கம்பியில ஒரு பின்னு மாட்டணும். கொண்டையூசி மாதிரி இருக்கும். கடைசியா வேலை பாத்தப்போ மாட்ட மறந்துட்டேன். கம்பி கழண்டுகினு வந்துடுச்சு. ஓட்டினவர் மேல ஒண்ணுமில்ல."

யாரும் சந்தேகப்படவில்லை. அவர் பொய் சொல்வார் என்று யார் நினைப்பார்கள்?

சரோஜாவின் அண்ணன் எழுந்துபோய் அவரைக் கன்னத்தில் அறைந்தான். கீழே தள்ளி மிதித்தான். அவர் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. நைனா ஓடிப்போய் விலக்கினார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை. எனக்குள் ஏதோ ஒரு கட்டு அவிழ்ந்ததை உணர்ந்தேன். பத்து நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப் போய் அந்த மனிதர் மேல் உட்கார்ந்துகொண்டது.

"உன்ன நம்பித்தானேடா அவள ஏத்தினேன்" என்று கத்தினேன். "இனிமே என் கண்ணுல படாத."

"சரிங்க சின்ன மொதலாளி" என்று எழுந்து போனார்.

அதன்பிறகு அவர் கொட்டகைக்கு வண்டி வருவது நின்றது. பிள்ளைத்தாய்ச்சி உயிரை வாங்கின கை என்று ஊரில் பேச்சாகிவிட்டது. இரண்டு மாதத்தில் கொட்டகையைப் பிரித்துவிட்டு, மனைவியின் ஊரான அவலூர்பேட்டைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். போகட்டும் என்று நினைத்தேன்.

எட்டு மாதம் கழித்துக் காரை விழுப்புரத்து ஆள் ஒருவருக்கு விற்றேன். அவருடைய மெக்கானிக் என் எதிரிலேயே அதைப் பிரித்தார். உள்ளேயிருந்து ஒரு சாமானை எடுத்துத் தரையில் போட்டார். அந்தக் கரி வளையம். கரியே இல்லை. தேய்ந்து, கடைசித் துண்டும் உடைந்து, வெறும் இரும்பு இரும்போடு உரசி நீலம் பாரித்திருந்தது.

"கால மேலயே வெச்சிக்கினு ஓட்டியிருக்கீங்க சார்" என்றார் அந்த ஆள், சாதாரணமாக.

"கம்பியில பின்னு இல்லையாமே?" என்று கேட்டேன்.

"யாரு சொன்னது? இதோ இருக்குதே."

குனிந்து பார்த்தேன். பின் இருந்தது. இரண்டு காலும் ஒழுங்காக விரித்து மடக்கப்பட்டு, மேலே பழைய கிரீஸும் ரோட்டுப் புழுதியும் சேர்ந்து கல்லாகி இருந்தது. அதை யாரும் தொட்டுப் பல மாதம் ஆகியிருந்தது.

செஞ்சிக்குத் திரும்புகிற பஸ்ஸில், இறங்கியதும் நேராக அவலூர்பேட்டை பஸ் ஏறிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஏறவில்லை. வீட்டுக்குப் போனேன். குழந்தையை வளர்க்க எங்களோடேயே தங்கிவிட்ட மாமியார், பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டார். "எளச்சிப் போயிட்டியே மாப்ள, இன்னும் கொஞ்சம் சாப்டு" என்றார். உண்மையைச் சொன்னால் இந்தக் கை எனக்குச் சோறு போடுமா? சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அப்படி இரண்டு வருடம் சொல்லாமல் இருந்தேன். மேஸ்திரி எனக்குக் கொடுத்த அந்தப் பொய், தெரிந்த பிறகும் எனக்கு வசதியாகத்தான் இருந்தது. இதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுதுவதில் பொருளில்லை.

ஒருநாள் அவலூர்பேட்டையிலிருந்து மூட்டை கொண்டுவந்த விவசாயி ஒருவர், எடை போடக் காத்திருந்தபோது ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். "எங்க ஊர்ல ஒரு ஆளு சைக்கிளுக்குக் காத்து அடிச்சிக்கினு இருக்கான். பெரிய பட்டாளத்து மெக்கானிக்காம். புள்ளத்தாச்சியச் சாவடிச்ச மேஸ்திரின்னுதான் அவனுக்குப் பேரு" என்று சொல்லிச் சிரித்தார். அவர் பேசியது என் மனைவியைப் பற்றி என்று அவருக்குத் தெரியாது. கல்லாவில் உட்கார்ந்திருந்த நைனா என்னைப் பார்க்காமல் தலை குனிந்துகொண்டார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போனேன்.

சந்தைக்குப் போகிற வழியில், ஒரு புளிய மரத்தடியில் அவர் உட்கார்ந்திருந்தார். எதிரில் ஒரு சைக்கிள் பம்பு, தண்ணீர் நிரப்பின ஒரு தட்டு. பக்கத்திலேயே குடிசை. தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் யார் என்று தெரிந்ததும் அந்த அம்மா தலையைக் கவிழ்த்துக்கொண்டார், தப்புச் செய்தவர் வீட்டுப் பெண்பிள்ளை நிற்கிற மாதிரி.

"கொழந்த நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டார் மேஸ்திரி.

"இருக்குது. மேஸ்திரி, நீங்க ஏன் பொய் சொன்னீங்க?"

நான் அவரை 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை. அவர் அதைக் கவனித்தாரோ இல்லையோ, மனைவி இருந்த பக்கம் திரும்பி, "உள்ள போ" என்றார். அந்த அம்மா போகவில்லை.

"வண்டியப் பிரிச்சுப் பாத்தாங்க. கரி சுத்தமா தேஞ்சி ஒடைஞ்சிருந்துது. என் காலுதான். நீங்க ஒண்ணும் மறக்கல" என்றேன். அழுதுவிட்டேன்.

அவர் ஒரு அடி கிட்டே வந்தார். பிறகு மெதுவாக, "பின்னு இருந்துதா?" என்று கேட்டார்.

"இருந்துது."

"யாரோ சொன்னாங்களா, நீங்க பாத்தீங்களா?"

"நான் குனிஞ்சு பாத்தேன்."

"ரெண்டு காலும் மடக்கி இருந்துதா?"

"மடக்கி இருந்துது. புழுதி படிஞ்சு கெட்டியா இருந்துது. யாரும் தொட்ட மாதிரியே இல்ல."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்கிக் கெடங்குல என் கண்ணால பாத்தேன், பின்னு இருந்துது. உங்க காலுதான்னு அப்பவே தெரியும். வந்து சொல்லத்தான் வந்தேன். நீங்க அந்தப் புள்ளைய வெச்சிக்கினு உக்காந்திருந்தீங்க. வாய் வரல. மாத்திச் சொல்லிட்டேன். அதுல எனக்கு வருத்தமில்ல." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆனா அதுக்கப்பறம் ஊரே சொல்லுது. இவ சொல்றா. நானும் ஆமான்னு சொல்லிச் சொல்லி, எனக்கே சந்தேகம் வந்துடுச்சு சின்ன மொதலாளி. கண்ண மூடுனா அந்தக் கம்பி தெரியும், பின்னு இருக்காது. பாத்தனா, பாத்தா மாதிரி நெனைச்சிக்கினனான்னு புரியல. நான்தான் அந்தம்மாவக் கொன்னுட்டேன்னு… அதுக்கப்பறம் ஒரு போல்ட்டுகூட முடுக்க முடியல. ஸ்பேனரக் கீழ வெச்சுட்டேன்."

இரண்டு கையையும் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார்.

அவர் மனைவி கதவை விட்டு நகர்ந்து வந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். என்னைப் பார்க்கவேயில்லை.

"எங்கிட்டகூட சொல்லலியே" என்றார் அவரிடம். "மூணு வருசமா நான் உங்கூட மூஞ்சி குடுத்துப் பேசலியே. ஒருநாள் ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதாய்யா?"

"உங்கிட்ட சொன்னா நீ ஊர்ல சண்ட போட்டுருப்ப" என்றார் அவர், முகத்திலிருந்து கையை எடுக்காமல். "அது செஞ்சிக்குப் போயிருக்கும்."

அன்று மதியமே வீட்டுக்கு வந்து மாமியாரிடமும் நைனாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். மாமியார் கேட்டு முடித்துவிட்டு, பேத்தியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதன்பிறகு அவர் உயிரோடு இருந்த வரைக்கும் எனக்குச் சோறு போட்டார், பேசவில்லை. கடைத்தெருவில் ஒவ்வொரு கடையாக ஏறிச் சொன்னேன். சிலர் நம்பினார்கள். சிலர், பெண்டாட்டி போன துக்கத்தில் புத்தி தடுமாறி மேஸ்திரிக்குப் பரிந்து பேசுகிறேன் என்றார்கள். மேஸ்திரி சொன்னால் பொய்யாக இருக்காது என்று என்னிடமே சொன்னவர்களும் உண்டு.

அவரைச் செஞ்சிக்குத் திரும்பி வரச் சொல்லி நைனாவே போய்க் கூப்பிட்டார். வரவில்லை. அடுத்த வருடம் மஞ்சள் காமாலை கண்டு, ஒரு மாதம் படுத்திருந்து இறந்துபோனார்.

சேதி கிடைத்ததும் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு அப்போது நாலு வயது. பாடையைச் சுற்றிப் பத்துப் பேர்கூட இல்லை. நான் மாலையைப் போட்டுவிட்டு ஓரமாக நின்றேன். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா நிமிர்ந்து என் மகளைப் பார்த்தார். கையை நீட்டினார். குழந்தை பயப்படாமல் போனாள். அந்த அம்மா அவள் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்து, நெற்றியிலிருந்து மோவாய் வரைக்கும் பார்த்தார்.

"இந்தப் புள்ளதானா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாம்மா" என்றேன்.

பிறகு பாடையை எடுக்கிற வரைக்கும் அவளை மடியிலிருந்து இறக்கவில்லை.